கினாபாலு மலை: பெயர் பெற்றோரும் வழி காட்டியோரும்

சபா மாநிலத்தின் மேற்குக் கரையில் நின்று விடியற்காலையில் உள்நாட்டை நோக்குவோர்க்குக் கருநீலமாய் எழுந்து தோன்றுவது கினாபாலு மலை. முற்பகலுக்குள் மேகம் அதனை மூடிவிடுவது வழக்கம். 4,095 மீட்டர் உயரமுடைய இம்மலை மலேசியாவிலேயே மிக உயர்ந்ததாகும். இதனைச் சூழ்ந்த ஏறத்தாழ 754 சதுரக் கிலோமீட்டர் நிலப்பரப்பு 1964ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில், சரவாக்கின் குனோங் மூலு தேசியப் பூங்காவும் இதுவும் மலேசியாவிலிருந்து முதன்முதலாக யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன.

இம்மலையைப் பற்றிய நூல்கள் பல. அவற்றுள் பெரும்பாலானவை ஏறியவர்களின் பெயர்களைச் சொல்கின்றன. அவர்களை ஏற்றிச் சென்றவர்கள் யார் என்னும் வினாவை முன்வைத்து அவ்வரலாற்றை மீண்டும் நோக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

முன்னோர் உறையும் மலை

மலையடிவாரத்தில் வாழும் டூசுன் மக்களுக்குக் கினாபாலு இறந்தோரின் ஆவிகள் சென்று தங்கும் இடமாகும். ‘அக்கி நபாலு’ என அவர்கள் வழங்கும் பெயரிலிருந்தே இன்றைய பெயர் வந்தது என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். முன்னோர் உறையும் இடத்தில் மனிதர் எளிதாகக் கால் வைத்தல் ஆகாது. ஆதலின், மலையேறுமுன் கோழியும் முட்டையும் படைத்து ஆவிகளின் இசைவைப் பெறுவது அவர்தம் மரபு. ‘மொனோலோப்’ எனப்படும் அச்சடங்கு இக்காலத்திலும் தொடர்கிறது. காடு அவர்களுக்கு வேட்டைக்களமாகவும் மருந்துச்சாலையாகவும் விளங்கியது. எந்தச் செடி எந்த நோய் தீர்க்கும், எந்த ஓடை எப்போது பெருகும் என்பன எழுதப்படாத கல்வியாகத் தலைமுறை தலைமுறையாக வந்தன.

சிகரங்களும் பெயர்களும்

எழுத்தில் பதிவான முதல் மலையேற்றம் 1851ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிகழ்ந்தது. லாபுவானில் பிரிட்டிஷ் அலுவலராகப் பணியாற்றிய ஹியூ லோ அப்பயணத்தை மேற்கொண்டார். கியாவ் என்னும் சிற்றூரைச் சேர்ந்த லெமாயிங் என்பவர் அவருக்குத் துணை நின்றார். லோ மேலேயுள்ள கருங்கற்பாறைத் தளத்தை அடைந்தார்; ஆயினும் மிக உயர்ந்த முனையில் அவர் ஏறவில்லை. அம்முனையை எட்டியதாகப் பதிவு பெற்ற முதல்வர், 1888இல் ஏறிய பறவை சேகரிப்பாளர் ஜான் வைட்ஹெட். இருப்பினும் அம்முனை இன்று ‘லோ சிகரம்’ என்றே வழங்குகிறது. மலையைப் பிளந்து கிடக்கும் ஆழ்ந்த பள்ளத்தாக்கும் லோவின் பெயரையே தாங்குகிறது. 1858இல் லோவுடன் வந்த ஸ்பென்சர் செயின்ட் ஜானின் பெயரால் இன்னொரு சிகரம் அமைந்தது. 1910இல் ஏறிய தாவரவியலாளர் லிலியன் கிப்ஸ், இம்மலையில் ஏறியதாகப் பதிவு பெற்ற முதல் பெண்மணி ஆவார்.

இவர்களுடைய துணிவையும் உழைப்பையும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் சுமை தூக்கியவர்கள், பாதை வெட்டியவர்கள், பாறையடியில் இரவுத் தங்கலுக்கு இடம் கண்டவர்கள் ஆகியோரின் பெயர்கள் வரைபடத்தில் மிக அரிதாகவே காணப்படுகின்றன. மலைமேல் உள்ள தங்குமிடங்களுள் ஒன்று குந்திங் லகாடான் என்னும் உள்ளூர் வழிகாட்டியின் பெயரைத் தாங்கியிருந்தது அத்தகைய அரிய விதிவிலக்கு.

உயிர்களின் கருவூலம்

அடிவாரத்தில் வெப்பமண்டலத் தாழ்நிலக் காடு. அதற்குமேல் ஓக் மரங்கள் செறிந்த மலைக்காடு. மேலும் ஏறினால் பாசி படர்ந்த குட்டை மரங்கள். உச்சியில் பனியாற்றால் தேய்ந்த வெறும் கருங்கல். ஒரே மலையில் இத்தனை தட்பவெப்ப நிலைகள் அமைந்திருப்பதால், ஏறத்தாழ 5,000 முதல் 6,000 வரையிலான தாவர இனங்கள் இங்கு வளர்வதாக மதிப்பிடப்படுகிறது. பறவையினங்கள் முந்நூறுக்கும் மேற்பட்டவை.

இங்குள்ள உயிர்களிடையே நிலவும் உறவுகளுக்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ‘நெப்பந்தஸ் ராஜா’ என்னும் குடுவைச் செடி, பூச்சிகளைப் பிடித்து உண்பதற்குப் பெயர் பெற்றது. மலைவாழ் மர மூஞ்சூறு அதன் மூடியில் சுரக்கும் தேனை நக்க வரும். நக்கும்போதே தன் எச்சத்தைக் குடுவைக்குள் இடும். வளம் குன்றிய மண்ணில் நிற்கும் அச்செடிக்கு அவ்வெச்சம் உரமாகிறது. விலங்கு உணவு பெறுகிறது. செடி ஊட்டம் பெறுகிறது.

பூங்கா உருவாவதற்கு அறிவியலாளரின் உழைப்பு பெருந்துணை புரிந்தது. போருக்கு முன்னர்ச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய இ. ஜே. எச். கார்னர், பிரிட்டனின் ராயல் சொசைட்டி சார்பில் 1961இலும் 1964இலும் இங்கு ஆய்வுக் குழுக்களை நடத்தினார். 1992இல் தொடங்கிய கினாபாலு இனத்தாவரவியல் திட்டம் வேறொரு வழியில் சென்றது. அதில் டூசுன் சிற்றூர்களைச் சேர்ந்தவர்களே தாவரங்களைச் சேகரித்து, அவற்றின் உள்ளூர்ப் பெயர்களையும் பயன்களையும் பதிவு செய்தனர். ஆயிரக்கணக்கான மாதிரிகள் அவர்கள் கையால் சேர்ந்தன. நூற்றாண்டுக் காலம் பிறர்க்கு வழிகாட்டிய மக்கள் அங்கே ஆய்வுப் பணியின் பங்காளிகள் ஆயினர்.

காப்பும் இழப்பும்

பூங்கா என்று அறிவித்ததாலேயே ஒரு நிலம் காக்கப்பட்டுவிடுவதில்லை. பூங்காவுக்குரிய நிலத்தின் ஒரு பகுதி மாமூட் செப்புச் சுரங்கத்திற்காகப் பிரித்தெடுக்கப்பட்டது. அச்சுரங்கம் 1975 முதல் 1999 வரை இயங்கியது. பினோசுக் மேட்டுநிலத்தில் கால்நடைப் பண்ணையும் கோல்ப் திடலும் எழுந்தன. மறுபுறம், வேட்டையாடவும் காட்டுப்பொருள் திரட்டவும் சென்றுவந்த மக்களுக்குப் பூங்காவின் எல்லைக்கோடு ஒரு தடையாயிற்று. சுரங்கத்திற்காக இடம்பெயர்ந்த எல்லைக்கோடு, ஊராருக்காக அவ்வளவு எளிதில் இடம்பெயரவில்லை என்பதை வரலாறு பயில்வோர் கருத்திற் கொள்ளவேண்டும்.

2015ஆம் ஆண்டு ஜூன் 5

இன்று மலையேறுவோர் திம்போஹோன் வாயிலில் புறப்பட்டு, ஏறத்தாழ 3,270 மீட்டர் உயரத்திலுள்ள பனாலாபானில் இரவு தங்கி, மறுநாள் கதிரவன் எழுமுன் உச்சியை அடைவர். உரிமம் பெற்ற மலைவழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதி இல்லை. ‘மாலிம் குனோங்’ எனப்படும் அவ்வழிகாட்டிகளுள் பெரும்பாலோர் மலையடிவாரச் சிற்றூர்களைச் சேர்ந்த டூசுன் மக்களே.

2015ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் காலை, 6.0 அளவாகப் பதிவான நிலநடுக்கம் மலையை உலுக்கியது. பாறைகள் சரிந்தன. பதினெட்டுப் பேர் உயிரிழந்தனர். சிங்கப்பூரிலிருந்து சென்ற தொடக்கப்பள்ளி மாணவர்களும் ஆசிரியர்களும் அவர்களுள் அடங்குவர், மலைவழிகாட்டிகளும் அடங்குவர். ஜூன் 8ஆம் நாளைச் சிங்கப்பூர் தேசிய நினைவுநாளாக அனுசரித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதை சிதைந்த நிலையில் மேலே சிக்கித் தவித்தனர். ஹெலிகாப்டர்கள் இறங்க இயலாத வானிலையில், அவர்களைக் கீழே கொண்டுவந்து சேர்த்தவர்கள் அந்த வழிகாட்டிகளே. பின்னதிர்வுகளால் கற்கள் உருண்டுகொண்டிருந்த சரிவிலும் அவர்கள் தம் பொறுப்பில் வந்தோரைக் கைவிடவில்லை. அவ்வாண்டின் இறுதிக்குள் மாற்றுப் பாதை அமைக்கப்பட்டு, மலையேற்றம் மீண்டும் தொடங்கியது.

லெமாயிங் முதல் 2015இல் உயிர்நீத்த வழிகாட்டிகள் வரை ஒரே தொடர்ச்சி இருப்பதை இப்போது காணலாம். ஆசிரியர்கள் கினாபாலுவைப் பற்றிப் பாடம் நடத்தும்போது அதன் உயரத்தையும் லோவின் பெயரையும் சொல்வது வழக்கம். அவற்றோடு கியாவ் சிற்றூரின் பெயரையும் கரும்பலகையில் எழுதுவார்களாக. மாணவர்கள் ஒருநாள் அம்மலையில் ஏறும் வாய்ப்பைப் பெற்றால், முன்னே நடப்பவரின் பெயரையும் ஊரையும் கேட்டறிந்து தம் குறிப்பேட்டில் பதிவு செய்வார்களாக. இம்மலையின் வரலாற்றில் விடுபட்டுள்ள பக்கங்கள் அவ்வாறுதான் நிரம்பும்.