பிக்கப் வண்டியில் தரை மேட்: பெடலில் சிக்காமல் பொருத்துவது எப்படி?

சந்தைக்குக் காய்கறி, தோட்டத்துக்கு உரம், மாட்டுக்குத் தீவனம் என்று எல்லாவற்றுக்கும் இன்று பல விவசாயிகள் சொந்த பிக்கப் வண்டியையே நம்பியிருக்கிறார்கள். டயரில் காற்று, எஞ்சினில் ஆயில், ரேடியேட்டரில் தண்ணீர் எல்லாம் பார்த்துத்தான் வண்டியை எடுக்கிறோம். ஆனால் காலுக்கு அடியில் கிடக்கும் மேட்டை மட்டும் கவனிப்பதில்லை.

பண்ணை இயந்திரப் பாதுகாப்புப் பயிற்சிக்கு வந்த விவசாயி ஒருவர், "கியர் விழவே மாட்டேங்குது சார். கிளட்ச் பிளேட் மாத்தியும் சரியாகல" என்று வருத்தப்பட்டார். கதவைத் திறந்து பார்த்தோம். வண்டியோடு வந்த ரப்பர் விரிப்பின் மேல் ஓர் உரச்சாக்கு, அதற்கு மேல் கடையில் வாங்கிய தடித்த மேட். இரண்டும் முன்னுக்கு நகர்ந்து, கிளட்ச் பெடலுக்கு அடியில் மடிந்து கிடந்தன. பெடல் முழுதாகக் கீழே இறங்கவில்லை. சாக்கையும் மேட்டையும் எடுத்துப் போட்டதும் கியர் சுலபமாக விழுந்தது. அவருக்குக் கிளட்ச் பிளேட் செலவோடு போயிற்று. அந்த மடிப்பு சற்று வலப்பக்கம் தள்ளி, பிரேக் பெடலுக்கு அடியில் இருந்திருந்தால், பாரம் ஏற்றிய வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நின்றிருக்காது.

மேட் எப்படி ஆபத்தாகிறது?

ஓட்டுநரின் குதிகால் எப்போதும் ஒரே இடத்தில் ஊன்றியிருக்கும். பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் குதிகால் மேட்டை முன்னுக்குத் தள்ளும். சேற்றுக் காலோடு ஏறினால் வழுக்கல் இன்னும் அதிகம். சில நாட்களில் மேட் பெடலுக்கு அடியில் போய்விடும். அதன் பிறகு மூன்று வகையில் தொல்லை வரும்.

1. ஆக்ஸிலரேட்டர் பெடலின் நுனி மேட்டின் விளிம்பில் சிக்கினால், காலை எடுத்தாலும் பெடல் மேலே வராது, வேகம் குறையாது.
2. மேட்டின் மடிப்பு பிரேக் பெடலுக்கு அடியில் இருந்தால், பெடல் முழுதாக இறங்காது; முழு பிரேக் கிடைக்காது.
3. கிளட்ச் பெடல் முழுதாக இறங்காவிட்டால் கியர் கரகரக்கும். கிளட்சும் கியர்பாக்ஸும் சீக்கிரம் தேயும்.

இது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியேகோ அருகே ஒரு லெக்சஸ் கார் வேகம் குறையாமல் ஓடி மோதியதில், அதில் இருந்த 4 பேரும் இறந்தார்கள். வேறு மாடலுக்குரிய தடித்த ரப்பர் மேட் அந்த வண்டியில் போடப்பட்டிருந்தது. ஆக்ஸிலரேட்டர் அதில் சிக்கியதே காரணம் என்று விசாரணை காட்டியது. அதே ஆண்டு டொயோட்டா நிறுவனம், மேட் சிக்கும் அபாயத்துக்காக அந்நாட்டில் சுமார் 38 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தது. புத்தம் புதிய, விலை உயர்ந்த வண்டிக்கே இந்த நிலை என்றால், சாக்கு விரித்து ஓட்டும் நம் வண்டிக்குக் கவனம் இன்னும் அதிகம் வேண்டும்.

எந்த மேட் வாங்கலாம்?

உங்கள் வண்டியின் மாடலுக்கென்றே வார்த்த ரப்பர் மேட் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. தரையின் வளைவுக்கு ஏற்ப அமரும். கொக்கிக்கான துளை சரியான இடத்தில் இருக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். மாடல் பெயரோடு, எந்த ஆண்டு வண்டி என்பதையும் கடையில் சொல்லுங்கள். ஒரே பெயரில் வந்தாலும் கேபின் மாறியிருக்கலாம்.

எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கும் ரப்பர் மேட்டையும் வாங்கலாம். ஆனால் உங்கள் வண்டிக்கு ஏற்ப வெட்டியே ஆக வேண்டும். அடிப்பக்கம் சொரசொரப்பான முட்கள் உள்ளதா என்று தடவிப் பாருங்கள்.

நூடுல்ஸ் மேட் சேற்றையும் மண்ணையும் உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். வயல் வேலைக்குப் போகும் வண்டிக்கு ஏற்றதல்ல. ரெக்சின் தைத்து, அடியில் ஸ்பாஞ்ச் வைத்த மேட் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தடிமன் அதிகம். நனைந்தால் ஸ்பாஞ்ச் காயாது.

உரச்சாக்கு, சிமெண்ட் சாக்கு, கோணிப்பை, பழைய பாய், கயிற்று மேட் ஆகியவற்றை ஓட்டுநர் பக்கம் போடவே கூடாது. நழுவாமல் பொருத்த வழியில்லை என்றால், ஓட்டுநர் பக்கம் மேட் இல்லாமல் ஓட்டுங்கள். நழுவும் மேட்டைவிட வெறும் தரை நல்லது.

பொருத்தும் முறை

1. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, எஞ்சினை அணையுங்கள். ஓட்டுநர் இருக்கையைப் பின்னால் தள்ளுங்கள்.

2. கடையில் வாங்கிப் போட்ட பழைய மேட், சாக்கு எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். மேட்டின் மேல் மேட் போடக் கூடாது. வண்டியோடு ஒட்டி வந்த விரிப்பு மட்டும் இருக்கலாம்.

3. தரையைக் கூட்டி, ஈரத் துணியால் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். மண்ணும் எண்ணெயும் இருந்தால் எந்த மேட்டும் நழுவும்.

4. பழைய செய்தித்தாளை ஒட்டித் தரையின் அளவுக்கு விரித்து, ஓரங்களை அழுத்தி மடித்து, வெட்டி அச்சு எடுங்கள். பெடல்கள், கியர் லிவர், கைப்பிரேக், இருக்கையின் தண்டவாளம் ஆகியவற்றுக்கு இடம் விட்டு வெட்டுங்கள்.

5. மூன்று பெடல்களையும் ஒவ்வொன்றாகக் கையால் முழுதாக அழுத்தி, அதன் நுனி எங்கே வருகிறது என்று தாளில் குறியுங்கள். அந்த இடத்திலிருந்து குறைந்தது இரண்டு விரல் அகலம் தள்ளியே மேட்டின் விளிம்பு முடிய வேண்டும். ஆக்ஸிலரேட்டர் பெடல் தரையிலிருந்தே எழும்பும் வண்டியில், அதன் அடிப்பாகத்தைச் சுற்றியும் அதே இடைவெளி விடுங்கள்.

6. அச்சை மேட்டின் மேல் வைத்துச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, கூரான கத்தியால் வெட்டுங்கள். முதலில் சற்றுப் பெரிதாக வெட்டி, வைத்துப் பார்த்துப் பிறகு குறையுங்கள். மூலைகளை வளைவாக வெட்டினால் மேலே சுருளாது.

7. சுருட்டி வந்த மேட்டை அப்படியே போடாதீர்கள். வெயிலில் சிறிது நேரம் விரித்துப் போட்டால் இளகித் தட்டையாகும்.

8. மேட்டின் பின்பக்கம் இருக்கையின் அடிவரை எட்டட்டும். இருக்கையின் தண்டவாளத்துக்குள் மட்டும் நுழையக் கூடாது. டாடா ஏஸ் போல இருக்கைக்கு அடியில் எஞ்சின் உள்ள வண்டியில், இருக்கையைத் தூக்கவும் எஞ்சின் மூடியைத் திறக்கவும் மேட் தடையாக இருக்கக் கூடாது.

நகராமல் இறுக்குவது எப்படி?

முதலில் ஓட்டுநர் பக்கத் தரையில் கொக்கியோ பிளாஸ்டிக் கிளிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இரண்டு கொக்கி இருந்தால் இரண்டையும் மாட்டுங்கள். மேட்டில் துளை இல்லையென்றால், கொக்கி வரும் இடத்தில் துளையிட்டு, தார்ப்பாயில் அடிப்பதுபோல ஒரு பித்தளை வளையம் அடித்துக்கொள்ளுங்கள், துளை கிழியாது.

கொக்கி இல்லாத வண்டியில், மேட்டின் பின் ஓரத்தில் இரண்டு வளையம் அடித்து, தடித்த நைலான் கயிறு அல்லது கேபிள் டையால் இருக்கைத் தாங்கியோடு கட்டுங்கள். தரையோடு போல்ட் போட்ட, அசையாத பாகத்தில்தான் கட்ட வேண்டும். முன்னும் பின்னும் நகரும் பாகத்தில் கட்டினால், இருக்கையை நகர்த்தும்போது மேட்டும் கூடவே வரும். கட்டியபின் கயிற்றில் தொய்வு இருக்கக் கூடாது. மிச்சக் கயிற்றை வெட்டிவிடுங்கள்.

வெல்க்ரோ பட்டையும் உதவும். நான்கு மூலையிலும், குதிகால் ஊன்றும் இடத்துக்கு நேர் அடியிலும் ஒட்டுங்கள். எஞ்சின் சூட்டிலும் ஈரத்திலும் பசை இளகும் என்பதால் வெல்க்ரோவை மட்டும் நம்ப வேண்டாம். கயிறோ கொக்கியோ கூடவே வேண்டும்.

இரண்டு விஷயங்களைச் செய்யாதீர்கள். ஒன்று, தரையில் டிரில் போட்டு ஸ்குரூ அடிப்பது. அடியில் பிரேக் குழாய், டீசல் குழாய், ஒயர்கள் ஓடும். போட்ட துளை வழியே துருவும் ஏறும். மின்சார வண்டியில் இது உயிருக்கே ஆபத்து. இரண்டு, இருக்கையின் போல்டைக் கழற்றி அதன் அடியில் மேட்டைச் செருகுவது. அந்த போல்ட் சரியாக இறுகாவிட்டால், விபத்தில் இருக்கையே பெயர்ந்து வரும்.

ஓட்டிப் பார்க்கும் முன் சோதனை

எஞ்சின் அணைந்திருக்கும்போது ஒவ்வொரு பெடலையும் மெதுவாக முழுதாக மிதித்து விடுங்கள். மேட்டைத் தொடாமல் இறங்க வேண்டும். விட்டவுடன் தடையின்றி மேலே வர வேண்டும். பிறகு குதிகாலால் மேட்டை முன்னோக்கி பலமாகத் தள்ளுங்கள். நகர்ந்தால் கட்டு போதவில்லை.

பலர் விட்டுவிடும் சோதனை ஒன்று உண்டு. எஞ்சின் ஓடாதபோது இரண்டு மூன்று முறை மிதித்ததும் பிரேக் பெடல் கெட்டியாகிவிடும், கீழே இறங்காது. எஞ்சின் ஓடும்போது அதே பெடல் இன்னும் தாழ இறங்கும். ஆகவே கைப்பிரேக் போட்டு, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை பலமாக மிதித்துப் பாருங்கள். அப்போதும் பெடலுக்கும் மேட்டுக்கும் இடைவெளி இருக்க வேண்டும். வீட்டில் வேறு யாராவது அந்த வண்டியை ஓட்டினால், அவர்களையும் உட்கார வைத்துப் பாருங்கள். அவர்களின் குதிகால் ஊன்றும் இடம் வேறாக இருக்கும்.

மேட் சரியாக இருந்தாலும் போதாது

வெறுங்காலால் ஓட்டுகிறவர்கள் செருப்பைக் கழற்றி அங்கேயே விடுகிறார்கள். அந்தச் செருப்பு பிரேக்குக்கு அடியில் போனால் மேட்டைவிட மோசம். தண்ணீர் பாட்டில், அரிவாள், ஸ்பேனர், உருண்டு வரும் தேங்காய் எதுவும் ஓட்டுநர் காலடியில் இருக்கக் கூடாது. ஒரு சிறிய பெட்டியை உதவியாளர் பக்கம் கட்டி வைத்து அதில் போடுங்கள்.

பூச்சிக்கொல்லி பாட்டிலைக் காலடியில் வைத்துக் கொண்டுவரும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். மருந்து கசிந்தால் மேட்டில் ஊறும். மூடிய கேபினில் அந்த ஆவியைத்தான் வழி நெடுகச் சுவாசிப்போம். லேபிளில் எந்த நிற முக்கோணம் இருந்தாலும், மூடியுள்ள பெட்டியில் வைத்துப் பின்னால் பாரப் பகுதியில் கட்டிக் கொண்டுவாருங்கள். உணவுப் பொருளோடும் தீவனத்தோடும் பூச்சிக்கொல்லி நேரடியாகப் படும்படி எடுத்துச் செல்வதை 1971-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகள் தடை செய்கின்றன.

மேட்டில் மருந்து சிந்திவிட்டால் கையுறை போட்டு, உலர்ந்த மண்ணையோ மரத்தூளையோ தூவி உறிஞ்ச விட்டு அள்ளுங்கள். ரப்பர் மேட் என்றால் கிணறு, வாய்க்கால், மாட்டுத் தொட்டி இவற்றிலிருந்து தள்ளி வைத்து சோப்பு போட்டுக் கழுவுங்கள். நூடுல்ஸ், ஸ்பாஞ்ச் மேட் என்றால் மீண்டும் பயன்படுத்தாதீர்கள். அதை வீட்டு வாசலில் கால் துடைக்கவோ, கன்றுக்குட்டிக்கு விரிக்கவோ கூடாது, எரிக்கவும் கூடாது.

பராமரிப்பு

வாரம் ஒருமுறை மேட்டைத் தூக்கி அடியில் பாருங்கள். யூரியா ஈரத்தை இழுக்கும். பொட்டாஷில் குளோரைடு இருக்கிறது. சிந்திய உரமும் வயல் ஈரமும் மேட்டுக்கு அடியில் சேர்ந்தால் தகரம் துருப்பிடித்து ஓட்டையாகும். கழுவிய மேட்டை நன்றாகக் காய்ந்த பிறகே போடுங்கள். வழவழப்பு தரும் பாலிஷ் எதையும் ரப்பரில் தடவாதீர்கள். குதிகால் ஊன்றும் இடத்தில் ஓட்டை விழுந்தாலோ, ஓரம் சுருண்டாலோ மேட்டை மாற்றுங்கள். கழுவ எடுத்தபின் கொக்கியை மறுபடி மாட்ட மறப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. வாட்டர் சர்வீஸுக்கு விட்டு வாங்கும்போதும் இதைப் பாருங்கள்.

ஓடும்போது ஆக்ஸிலரேட்டர் சிக்கினால்...

குனிந்து மேட்டை இழுக்காதீர்கள். பார்வை சாலையில் இருக்கட்டும். கிளட்சை முழுதாக மிதித்து கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். எஞ்சின் இரைச்சல் போட்டாலும் பயப்பட வேண்டாம். சக்கரத்துக்கு இழுவை போகாது. பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தமாக மிதித்து, ஓரமாக நிறுத்துங்கள். வண்டி நின்ற பிறகே சாவியைத் திருப்புங்கள். ஓடும்போது சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

நாளைக் காலை சந்தைக்குக் கிளம்பும் முன், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து இந்த நான்கையும் பாருங்கள்: ஒரே ஒரு மேட்தான் இருக்கிறதா? அது கட்டப்பட்டிருக்கிறதா? மூன்று பெடல்களும் முழுதாக இறங்கி ஏறுகின்றனவா? காலடியில் வேறு பொருள் கிடக்கிறதா? பார்த்து முடிக்க ஒரு நிமிடம் போதும்.