இரப்பர் மரமும் கரிமமும்: ஒரு மேசையின் வரலாறு



மரங்களை வெட்டினால் பூமி வெப்பமாகும் என்று அறிவியல் பாடத்தில் கூறிக்கொண்டிருந்தேன். "அப்படியென்றால் நம் மேசையும் தவறா, ஐயா?" என்று ஒரு மாணவன் வினவினான். அவன் கை ஊன்றியிருந்தது இரப்பர் மரப் பலகை. அவன் பாட்டி பால் வெட்டியவர் என்பதையும் நான் அறிவேன். அன்று விடை கூற இயலவில்லை. பின்னர்த் தேடி அறிந்ததை இங்கு எழுதுகிறேன்.

1877-இல் இரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கும் கோலகங்சாருக்கும் வந்தன. நம் முன்னோர் அம்மரத்தைப் பாலுக்காகவே வளர்த்தனர். 25, 30 ஆண்டுகளில் பால் குறைந்ததும் மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்வர். சாய்ந்த மரம் என்னவாயிற்று? பெரும்பகுதி நெருப்புக்கே இரையாயிற்று. தோட்டத்திலேயே எரித்தார்கள், இரப்பர்த் தகடுகளை உலர்த்தும் புகைக்கூடத்திற்கு விறகாக்கினார்கள், லயத்து அடுப்பிலும் அதுவே எரிந்தது. பிறையில் 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய மலாயாவாத்தா இரும்பாலை இரப்பர் மரக்கரியைக் கொண்டுதான் இரும்பை உருக்கியது. (இது எனக்கே புதுச் செய்தி!) முப்பது ஆண்டுகள் மரம் காற்றிலிருந்து சேர்த்த கரிமம், சில நாள்களில் கரியமில வாயுவாகக் காற்றுக்கே திரும்பிற்று.

பலகையாக அறுக்கத் தயங்கியதற்குக் காரணம் உண்டு. மாவுச்சத்து நிறைந்த மரமாதலால் வெட்டிய சில நாள்களிலேயே நீலப் பூஞ்சணம் பிடிக்கும். வண்டு துளைத்துப் பொடியாக்கும். போரான் உப்புக் கரைசலை மரத்தினுள் அழுத்திச் செலுத்திச் சூளையில் உலர்த்தும் முறை பரவிய பின்னரே, 1980களில் இம்மரம் நாற்காலியாகவும் மேசையாகவும் கப்பலேறியது. ஜொகூரின் மூவார் இத்தொழிலால் பெயர் பெற்றது.

உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கரிமம். 10 கிலோ மேசையில் 5 கிலோ. எரித்தால் 18 கிலோ கரியமில வாயு. கியோத்தோ நெறிமுறையின் முதற்கட்டத்தில், மரம் வெட்டப்பட்டவுடனேயே கரிமம் முழுவதும் காற்றில் கலந்ததாகவே வளர்ந்த நாடுகள் கணக்கெழுதின. 2011-இல் டர்பன் மாநாடு அதனை மாற்றியது. சேர்ந்த கரிமத்தில் பாதி வெளியேறும் காலம் அறுத்த மரத்திற்கு 35 ஆண்டு, ஒட்டுப்பலகை போன்றவற்றிற்கு 25, தாளுக்கு 2 என்று வகுத்தனர்.

ஆயினும் இதனைப் பெருந்தீர்வென்று முழங்க எனக்கு மனமில்லை. காட்டை அழித்துச் செய்த மேசைக்கு இக்கணக்குப் பொருந்தாது. வெட்டிய இடத்தில் மீண்டும் மரம் எழவேண்டும். நம் தோட்டங்கள் பலவற்றில் எழுந்தவை செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களுமே.

சென்ற ஆண்டிறுதியில் பள்ளிக்குப் பின்புறம் உடைந்த மேசைகளைக் குவித்து எரித்தோம்; நானும் உடனிருந்தேன். இவ்வாண்டு கால் ஆடும் மேசைகள் பதினொன்று உள்ளன. தச்சு வேலை அறிந்த பெற்றோர் எவரேனும் இருப்பின், ஒரு சனிக்கிழமை காலை வந்துதவ வேண்டுகிறேன். ஆணியும் பசையும் நான் வாங்கி வைக்கிறேன்.