தாம்பரம் புறநகரில் குடும்பச் சேமிப்பு: சீட்டு முதல் செயலி வரை

மாத வருவாயைச் செலவுக்கும் சேமிப்புக்கும் முன்கூட்டியே பிரித்து வைப்பதே குடும்ப வரவு செலவுத் திட்டம் ஆகும். சென்னையின் தென் புறநகர்களான தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் இன்று பல குடும்பங்கள் இதைக் கைபேசிச் செயலி வழியே செய்கின்றன. கருவி புதிது. பணம் கையில் தங்கினால் கரைந்துவிடும், எனவே முதல் தேதியிலேயே பிரித்துவிட வேண்டும் என்ற எண்ணம் பழையது.

மாதச் சம்பளமும் புறநகரும்

1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. நகரில் வேலை பார்த்துக்கொண்டு புறநகரில் குடியிருப்பது எளிதாயிற்று. 1984இல் தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதி மண்டலம் அமைந்தது. மாதச் சம்பளக் குடும்பங்கள் பெருகின. வாடகை, பால், மளிகை, பள்ளிக் கட்டணம் எனத் தனித்தனி உறைகளில் பணத்தைப் பிரித்து, நோட்டில் கணக்கு எழுதுவது வழக்கமாயிற்று.

சீட்டும் அஞ்சலகமும்

அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1882இல் தொடங்கியது. வீட்டுப் பெண்களிடம் அதைவிட நெருக்கமாக இருந்தது ஏலச்சீட்டு. 20 பேர் மாதம் 1,000 ரூபாய் கட்டினால் சீட்டுத் தொகை 20,000 ரூபாய். அவசரத் தேவை உள்ளவர் தள்ளுபடி கூறி ஏலத்தில் எடுப்பார். நடத்துநரின் கழிவு போக, அந்தத் தள்ளுபடி உறுப்பினர்களுக்குப் பகிரப்படும். தவணை தவறினால் அக்கம்பக்கத்தில் தலைகுனிவு. அந்தக் கட்டாயமே சேமிப்பை வளர்த்தது. பள்ளிகளில் சஞ்சாயிகா திட்டம் மாணவர்களுக்கும் சேமிக்கும் பழக்கத்தைக் கற்பித்தது.

நம்பிக்கை உடைந்த காலங்கள்

1906 அக்டோபரில் சென்னையின் அர்பத்நாட் நிறுவனம் திவாலாகி, பலரின் வாழ்நாள் சேமிப்பு அழிந்தது. அந்த அதிர்ச்சியின் பின்னணியில் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. 1990களில் அதிக வட்டி தருவதாகச் சொன்ன நிதி நிறுவனங்கள் பல மூழ்கின. 1997இல் தமிழ்நாடு அரசு முதலீட்டாளர் நலன் காக்கத் தனிச் சட்டம் இயற்றியது. இழப்பு முதலில் வந்தது, பாதுகாப்பு பிறகே வந்தது.

தானாகப் போகும் பணம்

சம்பளத்திலேயே பிடித்துச் சேமிக்கும் முறைக்கு 1952ஆம் ஆண்டின் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் முன்னோடி. 2016இல் யூபிஐயும், 2020இல் அதன் ஆட்டோபே வசதியும் வந்தன. ஒருமுறை அனுமதி கொடுத்தால் போதும், தவணையும் சந்தாவும் குறித்த நாளில் தாமாகச் செல்லும். ஆனால் மறந்துபோன சந்தாவும் அப்படியே செல்லும். அட்டை, யூபிஐ வழியாக இவ்வாறு எடுக்கப்படும் தொகைக்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இன்றைய பாடம்

உறையில் பணம் குறைவதைக் கண் பார்த்தது. செயலியில் அது தெரிவதில்லை. கணக்கில் இருப்பு இல்லாத நாளில் தவணை திரும்பினால் வங்கி அபராதமும் சேரும். எனவே சேமிப்புக்கான பற்றைச் சம்பளம் வந்த மறுநாளுக்கு வைப்பதும், மாதம் ஒருமுறை அனுமதிப் பட்டியலைப் படித்து வேண்டாததை நீக்குவதும் நல்லது. பணத்தைப் பிரிக்கும் வேலையைச் செயலியிடம் விடலாம், கணக்குப் பார்க்கும் வேலையை விடக்கூடாது.