தூரமானவர்கள் நுழைந்த கதவு

விருத்தாசலத்துக்காரர்களுக்குப் பீங்கான் என்றதும் கோப்பையும் தட்டும் மட்டும் நினைவுக்கு வருவதில்லை. எங்கள் ஊர் செராமிக் தொழிற்பேட்டையில் அகல் விளக்கும் பொம்மையும் செய்கிறார்கள். மின்கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டரும், மீட்டர் பலகையில் செருகும் பியூஸ் கட்டையும் செய்கிறார்கள். அச்சிலிருந்து வந்த ஈரக் கட்டையில் பிசிறு எடுப்பது, கிளேஸில் முக்குவது, சூளையிலிருந்து வந்ததைத் தரம் பிரிப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் வேலை. வெந்து வந்த கட்டையை விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் நல்லது. மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல். அப்படிக் காதாலேயே தரம் பிரிப்பவளின் வீட்டில் ஒருநாள் இரவு பியூஸ் போய்விட்டால், "கரண்டு சமாச்சாரம், நீ தொடாதே" என்று அவளை நகர்த்திவிட்டு ஓர் ஆண் ஸ்டூலில் ஏறுவார்.

ஊருக்கு மின்சாரம் வந்த கதையில் இந்தப் பெண்கள் இல்லை. செயற்கைக்கோளும் சூரிய மின்சாரமும் கிராமத்துக்கு வந்த கதையைப் படித்தபோதெல்லாம், பிசிறு எடுத்தவர்களை அங்கேயும் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கதை வழக்கமாக 1975இல் தொடங்கும். விக்ரம் சாராபாய் கண்ட கனவு அது. 1969இல் நாசாவோடு ஒப்பந்தமானது. நடந்ததைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை ஓராண்டு இரவல் வாங்கி, 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டினார்கள். வேளாண்மை, சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாடு எல்லாம் வானத்திலிருந்து இறங்கின. அதே அலையில் ஏறத்தாழ 50,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். ஆந்திரமும் கர்நாடகமும் அந்தப் பட்டியலில் இருந்தன, தமிழ்நாடு இல்லை. பெட்டியைப் பொதுக் கட்டடத்தில் வைத்தார்கள். மாலை நேரத்தில், உலை கொதிக்கும் நேரத்தில், ஒரு பெண் எழுந்து வந்து உட்காரக்கூடிய பொதுக் கட்டடம் எத்தனை ஊரில் இருந்தது? பெட்டியை எங்கே வைப்பது என்பதில் பொறியியலுக்கு வேலை குறைவு. ஊரின் சாதியும் வீட்டின் சமையலும்தான் அதை முடிவு செய்கின்றன.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் புதுச்சேரிக் கிராமங்களில் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் நிதியோடு, தகவல் கிராமம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூர்தான் நடுமையம். அங்கிருந்து ரேடியோ அலை வழியாகச் சுற்றியுள்ள ஊர்களின் கணினிகளுக்குத் தகவல் போகும். மின்சாரம் எப்போது வரும், எந்த வோல்ட்டேஜில் வரும் என்று சொல்ல முடியாத காலம். அதனால் மையங்களில் சூரியத் தகடுகளையும் பொருத்தினார்கள். இடத்தை ஊர் தர வேண்டும். எல்லாச் சாதியினரும் பெண்களும் வந்துபோகும் பொது இடமாக அது இருக்க வேண்டும். மையத்தை நடத்தும் தன்னார்வலர்களும் ஊரிலிருந்தே வர வேண்டும்.

எம்பலம் என்ற ஊரில் பெரியவர்கள் கொடுத்த இடம் கோயிலின் ஒரு பக்கம். 2000ஆம் ஆண்டில் நியூயார்க் டைம்ஸ் இதழ் அந்தக் கோயிலின் இரண்டு கதவுகளைப் பற்றி எழுதியது. ஒரு கதவு சாமியிடம் போகிறது. அதன் வழியே தலித்துகளும் மாதவிலக்கான பெண்களும் போகக் கூடாது. இன்னொரு கதவு, சூரிய மின்சாரத்தில் ஓடும் இரண்டு கணினிகளிடம் போகிறது. அதன் வழியே யாரும் போகலாம்.

நம் ஊர்களில் மாதவிலக்கைத் 'தூரம்' என்றுதான் சொல்வோம். வீட்டுக்குத் தூரம். கொல்லைத் திண்ணை, தனித் தட்டு, தனிப் பாய். தூரத்தைக் கடக்கும் தொழில்நுட்பத்துக்குத் தொலைத்தொடர்பு என்று பெயர் வைத்த மொழியும் இதுவேதான். தூரமான பெண் ஒருத்தி கோயில் வளாகத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்து நெல் விலையைப் பார்க்கிறாள் என்பது என்னைப் பல நாள் மகிழ்ச்சியில் வைத்திருந்தது. பிறகு ஒரு சந்தேகமும் வந்தது. இரண்டாவது கதவு திறந்ததால்தான் முதல் கதவு சேதமில்லாமல் தப்பித்ததோ? கணினிக்குத் தீட்டு இல்லை என்று ஒப்புக்கொண்ட பெரியவர்கள் சாமியைப் பற்றிய பேச்சுக்கே போக வேண்டியிருக்கவில்லை. ஒருவேளை அந்தப் பேரத்தால்தான் மையமே சாத்தியமாகியிருக்கும். பக்கக் கதவு வேண்டாம், தலைவாசல்தான் வேண்டும் என்று அவர்கள் சார்பாக வகுப்பறையில் நின்றுகொண்டு சொல்ல எனக்கு உரிமையில்லை. உள்ளே போனவர்களுக்கு அன்று தேவைப்பட்டது அந்தத் தகவல்.

உள்ளே என்ன இருந்தது? நெல் விலை, பஸ் நேரம், அரசுத் திட்டங்களின் விவரம், வறுமைக்கோட்டுப் பட்டியல், அன்றைய நல்ல நேரம். (ராகுகாலத்தையும் கணினியில் பார்த்தார்கள் என்பதற்கு முகம் சுளிக்கும் முற்போக்காளர்களை அறிவேன். வந்தவர்கள் கேட்டதைத்தான் மையம் தந்தது.) வறுமைக்கோட்டுப் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்று ஊரே பார்க்க முடிந்ததுதான் இதில் பெரிய விஷயம் என்பேன். அதுவரை அது ஏதோ ஓர் அலுவலக பீரோவுக்குள் கிடந்த ரகசியம்.

ஊர்த் தகவலைத் திரட்டியவர்களிலும் கணினியை இயக்கியவர்களிலும் பெரும்பாலோர் பெண்கள். உயர்கல்வி இல்லாதவர்கள். ஆங்கில விசைப்பலகையில் தமிழைத் தட்டப் பழகினார்கள். சூரிய மின் அமைப்பு என்றால் தகட்டின் தூசியைத் துடைக்க வேண்டும், பேட்டரியில் அளவு பார்த்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், முனையில் பூத்த பச்சையைச் சுரண்ட வேண்டும். துடைப்பது, ஊற்றுவது, சுரண்டுவது. வீட்டில் செய்தால் இதற்குப் பெயரே இல்லை, மையத்தில் செய்தால் பராமரிப்பு. 2001இல் இந்தத் திட்டம் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது பெற்றது. 'தன்னார்வலர்' என்ற சொல்லை அந்தச் செய்திகளில் படிக்கும்போதெல்லாம் நின்றுவிடுகிறேன். ஊழியர் என்றிருந்தால் சம்பளம், விடுப்பு, ஓய்வூதியம் என்று பேச்சு போகும். தன்னார்வலர் என்றால் பாராட்டோடு முடிந்துவிடும்.

கடலோரத்தில் வீராம்பட்டினம். அமெரிக்கக் கடற்படையின் இணையத்தில் வெளியாகும் அலை உயர முன்னறிவிப்பை வில்லியனூரில் இறக்கி, வீராம்பட்டினத்தின் ஒலிபெருக்கியில் தமிழில் அறிவிப்பார்கள். போருக்காகக் கடலை அளந்த கணக்கு, கட்டுமரத்தில் போனவன் திரும்புவானா என்று கரையில் நிற்பவளின் காதுக்கு வந்து சேர்ந்தது. 2004 டிசம்பர் 26 காலை, நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரில் வேலை செய்யும் மகனிடமிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. கடல் சீறுகிறது, ஓடுங்கள் என்றான். ஊர் அறிவு மையத்தின் ஒலிபெருக்கி அதைத் திரும்பத் திரும்பச் சொன்னது. ஊர் பிழைத்தது. அந்த நேரத்தில் காப்பாற்றியது செயற்கைக்கோள் படமோ கணினியோ இல்லை. வேலை செய்யும் நிலையில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது, அதை முடுக்கத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்தார்கள்.

அதே ஆண்டு அக்டோபரில்தான் இஸ்ரோவும் அந்த ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து கிராம வள மையங்களைத் தொடங்கியிருந்தன. திருவையாறு, தங்கச்சிமடம், செம்பட்டி ஆகிய ஊர்கள் செயற்கைக்கோள் வழியே முகம் பார்த்துப் பேசத் தொடங்கின. கைப்பேசி பரவியபின் இப்படிப்பட்ட மையங்களின் பழைய அவசரம் குறைந்துவிட்டது. அங்கே பழகிய பெண்களின் திறமை என்ன ஆயிற்று என்பதுதான் என் கவலை.

இன்று சூரிய மின் வேலைக்குப் பயிற்சி தருவது 2015இல் மத்திய அரசு தொடங்கிய சூரியமித்ரா திட்டம். 600 மணி நேரப் பாடம். பெண்களுக்குத் தனிக் கவனம் என்று விதியிலேயே இருக்கிறது. அதே விதியில், பத்தாம் வகுப்போடு எலக்ட்ரீசியன், வயர்மேன், ஃபிட்டர் போன்ற பிரிவுகளில் ஐ.டி.ஐ. கேட்கிறார்கள். அந்த வகுப்பறைகளில் பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ராஜஸ்தானின் திலோனியாவில் வெறுங்கால் கல்லூரி இதைத் தலைகீழாகச் செய்து காட்டியது. ஆப்பிரிக்க கிராமங்களிலிருந்து, பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத நடுவயதுப் பெண்களை, பாட்டிமார்களை வரவழைத்தார்கள். பொதுமொழி கிடையாது. நிறங்களாலும் சைகையாலும் சர்க்யூட் சொல்லிக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அவர்கள் திரும்பிப் போய்த் தங்கள் ஊர்களுக்கு விளக்கேற்றினார்கள். இளைஞர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தால் நகரத்துக்குப் போய்விடுவார்கள், பாட்டி ஊரிலேயே இருப்பாள் என்பது அதன் நிறுவனர் பங்கர் ராயின் கணக்கு. பாட்டி எங்கும் போக மாட்டாள் என்று நம்பிக் கட்டிய திட்டம் அது என்று எனக்கு ஒரு முணுமுணுப்பு உண்டு. ஆனாலும் பொருத்தும் கருவி அவள் கையில்தான் இருந்தது.

விருத்தாசலத்தில் இப்போது பல மாடிகளில் சூரியத் தகடு மின்னுகிறது. பொருத்த வருபவர்கள் எல்லோரும் பையன்கள். தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிந்து, கை முழுக்க வெள்ளைக் களிமண்ணோடு பஸ்ஸுக்கு நிற்கும் ஒருத்தியிடம் அந்த வேலையைக் கற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். "சர்ட்டிபிகேட் கேப்பாங்களேம்மா" என்றார்.