கெடா மண்ணில் பழைய கைத்துப்பாக்கிகள்

கடாரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழாசிரியர் நெஞ்சில் எழுவது இராசேந்திர சோழனின் கடற்படை. 1025ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்த அப்படையெடுப்பைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கின்றோம். அப்படையினர் ஏந்தி வந்த வாளும் வேலும் முனை மழுங்கினால், கொல்லன் உலைக்களம் ஒன்றே போதும், மீண்டும் கூர்பெறும். தோட்டத்தில் பால்மரம் சீவும் கத்தியும் அவ்வினத்ததே. தொழிலாளி தாமே கல்லில் தீட்டிக்கொள்வார். துப்பாக்கியின் நிலை வேறு. அதனுள் இருக்கும் சிறு வில் ஒன்று முறிந்தால், அதே அளவும் அதே முறுக்கும் உடைய இன்னொரு வில் வேண்டும். அதைச் செய்த தொழிற்சாலை கடலுக்கு அப்பால் இருக்கும். சில வேளைகளில் மூடப்பட்டே போயிருக்கும். கெடாவின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றை இந்தக் கோணத்திலிருந்தும் ஒருமுறை நோக்குதல் தகும்.

இடையே சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. வள்ளுவர் வான்சிறப்பில் ஆளும் 'துப்பு' என்னும் சொல்லுக்கும் துப்பாக்கிக்கும் உறவுண்டோ என்று மாணவர் கேட்பதுண்டு. உறவில்லை. 'துஃபெக்' என்னும் துருக்கிச் சொல்லின் வழியில் வந்தது துப்பாக்கி. கருவி வந்த திசையிலிருந்தே பெயரும் வந்தது.

1941ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11ஆம் நாள் முதல் 13ஆம் நாள் வரை ஜித்ராவில் நடந்த போரில், பிரித்தானியரின் பதினொன்றாம் இந்தியப் படைப்பிரிவு நிலைகுலைந்தது. அலோர் ஸ்டார், குரூண், மூடா ஆறு எனப் பின்வாங்கிய வழியெங்கும் படைக்கலங்கள் கைவிடப்பட்டன. அந்நாளில் பிரித்தானியப் படை அதிகாரி இடையில் அணிந்தது .38 அங்குலச் சுழல் துப்பாக்கி. அது ஒரே வகையினதன்று. என்பீல்டு அரசுத் தொழிற்சாலையில் செய்தது ஒன்று. பர்மிங்காம் நகரத்து வெப்ளி நிறுவனத்தார் செய்தது மற்றொன்று. அமெரிக்க ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனத்தாரிடமிருந்து போர்க்காலத்தில் பெற்றது மூன்றாவது.

முதலிரண்டுக்கும் இடையே ஒரு பழைய பூசல் உண்டு. வெப்ளி நிறுவனத்தார் வகுத்துக் கொடுத்த அமைப்பைத் தழுவி, உள்ளுறுப்புகளைச் சற்றே மாற்றி, அரசு தன் தொழிற்சாலையிலேயே செய்துகொண்டது. 1932இல் அதனையே படைக்கும் ஏற்றது. வெப்ளி நிறுவனத்தார் முறையிட்டு 2,250 பவுன் கேட்டனர்; 1,250 பவுன் பெற்றனர். பணத்தோடு பூசல் ஓய்ந்தது, பட்டறையில் ஓயவில்லை. இரு துப்பாக்கிகளையும் அருகருகே வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் எனத் தோன்றும். ஆயின் ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்தாது. தோற்றத்தை நம்பி உறுப்பைத் தேடியவர் ஏமாந்தே போவார்.

வென்றவர் கருவிக்கும் குறையிருந்தது. ஜப்பானிய அதிகாரிகள் பலர் ஏந்திய நம்பு கைத்துப்பாக்கி, 1925இல் ஏற்கப்பட்ட பதினான்காம் வகை, 8 மில்லிமீட்டர்க் குண்டைச் சுடுவது. குண்டின் அடியைத் தட்டி வெடிக்கச் செய்யும் ஊசி அதில் அடிக்கடி முறிந்தது. அதனால் துப்பாக்கி உறையிலேயே மாற்று ஊசி ஒன்றுக்கும் இடம் வைத்துத் தைத்தார்கள்! தன் குறையைத் தானே அறிந்து உதிரி உறுப்பை உடன் சுமந்த கருவி அது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் பணிந்தபோது அத்துப்பாக்கியின் உற்பத்தியும் நின்றது. உறையிலிருந்த ஊசியும் முறிந்தால், பிறகு அது வெறும் இரும்பு.

காட்டுக்குள் இருந்தவர்களுக்கு இவையெல்லாம் நாள்தோறும் எதிர்ப்பட்ட இடர்கள். மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் 1942இல் கைவிடப்பட்டவற்றைப் பொறுக்கினர், 1945இல் பிரித்தானிய விமானங்கள் இறக்கியவற்றைப் பெற்றனர், ஜப்பானியரிடமிருந்தும் பறித்தனர். 1945 டிசம்பர் முதல் நாள் அப்படை கலைக்கப்பட்டது. வழங்கியதைவிட மிகுதியான ஆயுதங்கள் திரும்பி வந்ததாகக் கணக்குக் காட்டப்பட்டது. ஆயினும் ஒரு பகுதி மண்ணுக்குள் புதைக்கப்பட்டிருந்தது. 1948இல் அவை தோண்டி எடுக்கப்பட்டபோது, பல நாட்டுக் கருவிகள், பல அளவுக் குண்டுகள், எதற்கும் உறுப்புகள் அனுப்ப ஒருவரும் இல்லை. மழைக்காட்டின் ஈரம் குண்டுகளைக் கெடுத்தது. காட்டுப் பட்டறைகளில் அரமும் கரியடுப்பும் கொண்டு பழுதுபார்த்தனர். தேவைப்பட்ட பிறவற்றைச் சாலையோரப் பதுங்கலில் காவலரிடமிருந்து பறிக்க முயன்றனர். உதிரி உறுப்பில்லாக் குறைக்குச் சிறப்புக் காவலர் சிலர் உயிரையே விலையாகக் கொடுத்தனர் எனலாம்.

அவசரகாலம் 1948 ஜூன் முதல் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. சுங்கைப்பட்டாணி, கூலிம், பாடாங் செராய், குவாலா கெட்டில் வட்டாரத் தோட்டங்களில் துரைமார் இடையில் கைத்துப்பாக்கி இருந்தது. சிறப்புக் காவலர் தோளில் நெடுந்துப்பாக்கி இருந்தது. காட்டிலிருந்து வந்தவரிடமும் இருந்தது. லயத்து வீடுகளில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரிடம் சீவுகத்தி மட்டுமே இருந்தது. அவர்கள் துப்பாக்கி ஒன்றைக் கண்டெடுப்பதும் கேடு, காணாதது போல் நடப்பதும் கேடு. ஏனெனில் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் மரண தண்டனை என்று அவசரகால விதி கூறிற்று. சுட்டாரா என்பது கேள்வியன்று. வைத்திருந்தாரா என்பதே கேள்வி.

அவ்விதி எவ்வளவு கடுமையானது என்பதற்குச் சான்று கெடாவிலன்று, சிலாங்கூரில் கிடைக்கிறது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, 1949 மார்ச்சில் ரவாங் அருகே ஒரு சுழல் துப்பாக்கியுடனும் ஆறு குண்டுகளுடனும் பிடிபட்டார். அதைக் கண்டெடுத்ததாகவும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சென்றதாகவும் அவர் கூறினார். வழக்குமன்றம் ஏற்கவில்லை. இந்திய அரசு அவருக்காகப் பரிந்து பேசியும், மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் கூற்று உண்மையோ பொய்யோ, இடையில் இருந்த ஒரு கருவிக்காக ஓர் உயிர் இரண்டே திங்களில் முடிந்தது. இதை வகுப்பில் கூறுகையில் மாணவர் குரல் அடங்கிவிடும்.

கெடாவின் பாலிங்கில் 1955 டிசம்பர் 28, 29ஆம் நாள்களில் துங்கு அப்துல் ரகுமானும் சின் பெங்கும் சந்தித்தபோதும், பேச்சு முறிந்தது சரணடைதல் என்னும் இடத்தில்தான். ஆயுதம் இறங்குவதற்கு மேலும் பல்லாண்டுகள் ஆயின. ஹட்யாய் நகரில் 1989 டிசம்பர் 2ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தான பின்னரே எஞ்சியவை அழிக்கப்பட்டன.

இதற்கிடையே கருவிகளைச் செய்தவர்களே கடையை மூடத் தொடங்கினர். என்பீல்டுச் சுழல் துப்பாக்கியின் உற்பத்தி 1957இல் நின்றது. வெப்ளி நிறுவனத்தார் 1979இல் துப்பாக்கித் தொழிலையே கைவிட்டனர். சிங்கப்பூர்க் காவல் துறை, பாதுகாப்புப் பூட்டு அமைத்த வெப்ளிகளைப் பயன்படுத்தி வந்தது. எழுபதுகளில் அவற்றை விலக்கி அமெரிக்கத் துப்பாக்கிகளுக்கு மாறியது. இந்தியாவில் மட்டும் அவ்வமைப்பு மறுபிறவி எடுத்தது. கான்பூர் அரசுத் தொழிற்சாலை வெப்ளியைத் தழுவி .32 அங்குலச் சுழல் துப்பாக்கியை உருவாக்கி, உரிமம் பெற்றவர்க்கு விற்றது. அளவு வேறாதலின் பழைய .38க்கு அதன் உருளை உதவாது.

ஆகவே பழையதைக் காப்பாற்ற எஞ்சிய வழி, ஒன்றைக் கலைத்து மற்றொன்றை வாழவைப்பது. அதுவும் எளிதன்று. அக்காலத்து உறுப்புகள் இறுதியில் அரத்தால் ஒவ்வொன்றாகப் பொருத்தப்பட்டவை. ஒரே வகைத் துப்பாக்கியிலிருந்து எடுத்தாலும் நேரே அமர்வதில்லை. உருளையின் துளையும் குழலின் வாயும் ஒரு நேரில் நில்லாவிடில், குண்டின் ஈயம் சிதறிச் சுடுபவர் மீதே தெறிக்கும். அதனால்தான் இத்தொழில் பயிற்சி பெற்ற கம்மியர்க்கு மட்டுமே உரியதாயிற்று.

சட்டமும் அதனை அவ்வாறே வரையறுத்தது. அவசரகாலம் முடிந்த அதே 1960இல் வந்த ஆயுதச் சட்டம், துப்பாக்கியை மட்டுமன்றி அதன் உறுப்பையும் ஆயுதம் என்றே கொள்கிறது. பழுதுபார்க்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும். 1971ஆம் ஆண்டுச் சட்டம் சட்டவிரோதமாக வைத்திருப்போர்க்கு 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் விதித்தது. மிதிவண்டிக்குக் கடைத்தெருவில் உறுப்புத் தேடுவது போல இதற்குத் தேட இயலாது. தாத்தாவின் பெட்டியடியில் துருப்பிடித்த உருளை ஒன்று கிடைத்தாலும், அது நினைவுப்பொருள் அன்று, காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டிய பொருள் என்பதை மாணவர்க்குச் சொல்லிவைப்பது நம் கடமை.

கோலாலம்பூரில் உள்ள அரச மலேசியக் காவல் துறை அரும்பொருளகத்தில், காட்டில் கைப்பற்றப்பட்ட ஆயுதங்கள் வைக்கப்பட்டுள்ளன. கல்வெட்டைப் படிக்கத் தெரிந்தவர் இப்பழைய சுழல் துப்பாக்கிகளையும் படிக்கலாம். என்பீல்டிலும் வெப்ளியிலும் உடலிலும் குழலிலும் உருளையிலும் தனித்தனியே எண் பொறிக்கப்பட்டிருக்கும். மூன்றும் ஒன்றாயின், தொழிற்சாலையை விட்டு வந்தபடியே அது இருக்கின்றது. எண்கள் மாறுபட்டால், எங்கோ ஒரு பட்டறையில் அதற்காக இன்னொரு துப்பாக்கி கலைக்கப்பட்டிருக்கின்றது.