பார்பி டீச்சராக வந்த பெக்கி ஆஷ்கிராஃப்ட்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

'தி ஜுவல் இன் தி க்ரௌன்' என்ற ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரை அண்மையில் பார்த்து முடித்தேன். 1984இல் இங்கிலாந்தில் ஒளிபரப்பானது, மொத்தம் 14 பகுதிகள். பால் ஸ்காட் எழுதிய நான்கு நாவல்களின் தொகுதி. வெள்ளைக்காரன் மூட்டை கட்டிய கடைசி ஐந்தாறு ஆண்டுகளின் கதை. அதில் பார்பி என்றொரு கிழவி வருகிறாள். திருமணம் ஆகாதவள், மிஷன் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். அந்த வேடத்தில் நடித்தவர் பெக்கி ஆஷ்கிராஃப்ட். யார் இந்த அம்மாள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

1907 டிசம்பரில், லண்டனை ஒட்டிய கிராய்டனில் பிறந்தவர். தந்தை முதல் உலகப் போரில் இறந்துபோனார். பதினாறு வயதில் எல்சி ஃபோகர்ட்டி அம்மையார் நடத்திய பேச்சு, நாடகப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் கட்டடத்துக்குள்ளேயே அந்தப் பள்ளி இயங்கியது. உடன் படித்தவர் லாரன்ஸ் ஒலிவியே. குரலை எப்படிக் காப்பது, கடைசி வரிசைக்கும் எப்படிக் கேட்க வைப்பது என்பதுதான் அங்கே முதல் பாடம். (நம் ஆசிரியர் பயிற்சியில் எழுதுபலகைக்கும் பாடக்குறிப்புக்கும் கொடுத்த நேரத்தில் கால்வாசி தொண்டைக்குக் கொடுத்திருந்தால் எத்தனையோ ஆசிரியர்களின் குரல் பிழைத்திருக்கும்.)

1926இல் பர்மிங்காமில் மேடையேறினார். 1930இல், 22 வயதில், லண்டன் சவாய் தியேட்டரில் 'ஒத்தெல்லோ' நாடகத்தில் டெஸ்டிமோனா. ஒத்தெல்லோவாக நடித்தவர் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் பால் ராப்சன். கறுப்பர் ஒருவர் மேடையில் வெள்ளைக்காரப் பெண்ணை முத்தமிடுவதா என்று அந்தக் காலத்து லண்டனிலேயே முகம் சுளித்தார்கள். வெறுப்பைக் கொட்டி இந்தப் பெண்ணுக்குக் கடிதங்கள் வந்தன. தம் நாட்டின் நிறவெறியை நேருக்கு நேர் பார்த்தது அப்போதுதான்.

1935இல் ஜூலியட். அந்த நாடகத்தில் ஜான் கில்குட்டும் ஒலிவியேயும் ரோமியோ வேடத்தை மாற்றி மாற்றிப் போட்டார்கள். ஒருவர் கவிதையை இசைபோலச் சொல்பவர், மற்றவர் பேச்சுபோலவே பேசுபவர். ஜூலியட் மட்டும் ஒருவர்தான். இருவருக்கும் ஈடுகொடுக்க வேண்டும்! அதன் பிறகு இப்சன், செகாவ், பிரெக்ட், பெக்கெட் என்று பட்டியல் நீளும். அதற்குள் நான் போகவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1963இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் பீட்டர் ஹாலும் ஜான் பார்ட்டனும் ஷேக்ஸ்பியரின் நான்கு வரலாற்று நாடகங்களைச் சுருக்கி, 'தி வார்ஸ் ஆஃப் தி ரோசஸ்' என்று மூன்றாக்கினார்கள். அதில் அரசி மார்கரெட். பிரான்சிலிருந்து வரும் இளம்பெண்ணாக அறிமுகமாகி, படை நடத்தி, மகனைப் பறிகொடுத்து, சபித்துத் திரியும் கிழவியாக முடிகிறாள். அப்போது ஆஷ்கிராஃப்டுக்கு வயது 55. இளம்பெண்ணையும் அவரே நடித்தார், கிழவியையும் அவரே நடித்தார். நல்லவேளையாக பிபிசி அதைப் படம்பிடித்து 1965இல் ஒளிபரப்பியது. அவருடைய டெஸ்டிமோனாவும் ஜூலியட்டும் பார்த்தவர்களோடு போய்விட்டன. மார்கரெட் நமக்கு மிஞ்சினாள்.

பார்பிக்கு வருகிறேன். அவள் ஓயாமல் பேசுபவள். மலைநகரம் ஒன்றில் மேபல் என்ற முதியவளின் வீட்டில், வாடகை கொடுத்துத் துணைக்குத் தங்கியிருக்கிறாள். மேபல் இறந்ததும் குடும்பத்தார் இவளை வெளியேற்றுகிறார்கள். இவள் சாதாரண ஆசிரியைதானே. ராணுவ அதிகாரிகளின் மனைவிமார் இவளைத் தங்களில் ஒருத்தியாக நினைத்ததே இல்லை. இவளிடம் இருப்பதெல்லாம் பள்ளிக்கூட வாழ்க்கையின் மிச்சங்களை அடைத்துவைத்த ஒரு பெட்டி. அது ஊரில் எல்லாருக்கும் இடைஞ்சல். கடைசியில் அந்தப் பெட்டியின் பாரத்தால்தான் குதிரைவண்டி மலைச்சரிவில் விபத்துக்குள்ளாகிறது. (என் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கிறது. பழைய பாடக்குறிப்பேடுகள், பிள்ளைகளின் கடிதங்கள். எடைக்குப் போடலாமா என்று வீட்டில் அவ்வப்போது கேட்பார்கள்.)

பிறகு பார்பி பேச்சற்றுப் போகிறாள். மருத்துவமனைப் படுக்கையில் காகிதத்தில் எழுதிக் காட்டுகிறாள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் குரலை வைத்தே பெயர் எடுத்த நடிகை, அந்தக் காட்சிகளில் வெறும் கண்ணை வைத்துக்கொண்டு நடித்திருக்கிறார். அழுகை இல்லை, கைகளை வீசுவதும் இல்லை. வகுப்பறையில் யாருமே கவனிக்காதபோது ஒரு ஆசிரியை பார்க்கும் பார்வை மட்டும்தான். நம் படங்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்றால் குடையும் மூக்குக்கண்ணாடியும் கொடுத்து ஒரு காட்சியில் கும்பிட வைத்து அனுப்பிவிடுவார்கள். இந்த அம்மாளோ, போக்கிடம் இல்லாத ஒரு டீச்சருக்கு அரசிக்குரிய கனத்தைக் கொடுத்துவிட்டார்.

அந்த வேடத்துக்கு பாஃப்டா விருது கிடைத்தது. அதே காலத்தில் டேவிட் லீன் எடுத்த 'எ பாசேஜ் டு இந்தியா' படத்தில் மிசஸ் மூர். அதற்குத் துணை நடிகைக்கான ஆஸ்கர், 77 வயதில். விழாவுக்கு அவர் போகவில்லை. ஆஞ்செலா லான்ஸ்பரி மேடையேறி வாங்கிக்கொண்டார். 1991இல் காலமானார்.

அந்தப் படத்தில் மரபார் குகைகளுக்குப் போகும் ரயில் வேறெதுவும் இல்லை, நம் நீலகிரி மலை ரயில்தான். குகைக் காட்சிகளை பெங்களூருக்குப் பக்கத்தில் எடுத்தார்கள். படம் கிடைத்தால் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு அந்த வண்டியில் போனவர்களுக்குப் பாறைகளும் பாலங்களும் பழகியவைதான். பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் அந்த வயதான அம்மாளைக் கவனித்துப் பாருங்கள்.