துரோகிப் பட்டம் யாரைப் பிரிக்கிறது?

1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் சென்றார்கள். ஆங்கிலேய ஆட்சி தீண்டாமையை ஒழிக்கவில்லை, மக்களாட்சி வேண்டும் என்றே அம்பேத்கர் அங்கு பேசினார். ஆனாலும் தேசியவாதிகள் பலர் அவருக்குச் சூட்டிய பட்டம் ‘துரோகி’, ‘வெள்ளையர் கைக்கூலி’.

எம்.சி. ராஜாவோ 1932இல் மூஞ்சேயுடன் ஒப்பந்தம் செய்து கூட்டுத்தொகுதியை ஏற்றார். அதனால் கிடைத்தது என்ன? 1938இல் சென்னைச் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த கோயில் நுழைவு மசோதாவை ராஜாஜி அரசு எதிர்த்தது, மசோதா தோற்றது.

இன்று பட்டம் ‘நகர்ப்புற நக்சல்’. அதைக் கேட்டதும் ‘நாங்கள் அவர்களைப் போல இல்லை’ என்று நம்மில் மிதமானவர்கள் விலகுகிறோம். பட்டம் சூட்டுபவருக்கு அதுவே போதும். தோழர்களே, நற்சான்று தேடாமல் கோரிக்கையோடு நிற்போம்.